பெர்னர் தெருவில் அரை மணி நேரம்: சாட்சிகளின் சொற்களிலிருந்து ஒரு காலக்கோடு

1888 செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒரு மணி. கிழக்கு லண்டனில் பெர்னர் தெரு 40ஆம் எண் கட்டடத்தை ஒட்டி டட்ஃபீல்ட்ஸ் யார்ட் என்றொரு இருண்ட முற்றம். அதன் வாயிலுக்குச் சற்று உள்ளே, கழுத்து அறுபட்ட நிலையில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. அவர் எலிசபெத் ஸ்டிரைட், ஸ்வீடனில் பிறந்தவர், வயது 44. ஜாக் தி ரிப்பர் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த அடையாளம் தெரியாத கொலையாளியின் கணக்கில்தான் இந்தக் கொலையையும் வழக்கமாகச் சேர்க்கிறார்கள். கொன்றவன் யார் என்ற கேள்விக்குள் நான் போகப் போவதில்லை. அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கு வேண்டியது அதைவிடச் சிறிய, ஆனால் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி: அந்த அரை மணி நேரத்தில் எது எதற்கு முன் நடந்தது?

உரைப் பகுப்பாய்வு வழியாகக் குற்றத்தின் காலக்கோட்டை மீட்பது எப்படி என்று காட்ட இந்த வழக்கைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ஒரு குறுகலான தெரு. பத்துப் பேருக்கும் மேற்பட்ட சாட்சிகள். ஒவ்வொருவரும் ஒரு நேரத்தைச் சொல்கிறார்கள். அவர்கள் சொன்ன மணிகளை அப்படியே ஒரு தாளில் வரிசையாக எழுதினால், கொலை கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே உதவிக்கு ஆள் ஓடி வந்துவிடுகிறார். அப்படியானால் சாட்சிகள் பொய் சொன்னார்களா? பெரும்பாலும் இல்லை. அவர்கள் வாயிலிருந்து வந்தவற்றில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கையில் இருக்கும் உரைகள்

கரோனர் வின் பாக்ஸ்டர் தலைமையில் மரண விசாரணை அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி 23ஆம் தேதி முடிந்தது. அங்கே பேசப்பட்டவை பெரும்பாலும் செய்தித்தாள் பதிவுகள் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. விசாரணை கேள்வியும் பதிலுமாக நடந்தது. செய்தியாளர்கள் பல இடங்களில் கேள்வியை நீக்கிவிட்டு, பதில்களை மட்டும் கோத்து, சாட்சி தானாகவே சரளமாகக் கதை சொன்னதுபோல எழுதினார்கள். 'ஒரு மணி இருக்குமா?' என்று கரோனர் கேட்டு, சாட்சி தலையாட்டியிருந்தாலும் அச்சில் 'ஒரு மணி இருக்கும்' என்றுதான் வந்திருக்கும். 1974இல் உளவியலாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் செய்த சோதனை நினைவுக்கு வருகிறது. ஒரே கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் வேகத்தைக் கேட்டபோது, கேள்வியில் 'நொறுங்க மோதிய' என்ற வினை இருந்தால் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள். 'தொட்ட' என்ற வினை இருந்தால் 31.8 மைல். கேள்வியின் ஒரு சொல் பதிலின் எண்ணை மாற்றுகிறது என்றால், கேள்வியே தொலைந்துபோன உரையை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு சாட்சிக்கும் கிடைக்கும் எல்லா வடிவங்களையும் அருகருகே வைப்பது. விசாரணையில் சொன்னது, போலீஸ் அறிக்கையில் சுருக்கப்பட்டது, நிருபரிடம் வாசலில் நின்று சொன்னது என்று மூன்றையும் கலக்கக் கூடாது. ஒரே மனிதர் சொன்னதாக இருந்தாலும் அவை மூன்று உரைகள்தான்.

சொற்களை எப்படி உடைப்பது

உரையிலிருந்து கால வரிசையைப் பிரித்தெடுக்கும் துறைக்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. இரண்டு கால இடைவெளிகளுக்கு நடுவே இருக்கக்கூடிய உறவுகள் மொத்தம் 13 என்று கணினி அறிவியலாளர் ஜேம்ஸ் ஆலன் 1983இல் வகுத்தார்: முன், பின், உள்ளே, தொட்டுக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி என்றெல்லாம். 2000களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் புஸ்டியோவ்ஸ்கி முன்னின்று உருவாக்கிய டைம்எம்எல் என்ற குறியீட்டு முறை, ஒரு உரையிலுள்ள நிகழ்வுகளையும் காலச் சொற்களையும் அவற்றை இணைக்கும் உறவுகளையும் தனித்தனியாகக் குறிக்க வழி செய்தது. ஆனால் அந்த முறையில் பயிற்சி பெற்ற கருவிகள் பெரும்பாலும் செய்திக் கட்டுரைகளைப் படித்துப் பழகியவை. செய்திக்கு ஒரு தேதி இருக்கும். 'நேற்று' என்றால் எது என்று உடனே கணக்கிடலாம். சாட்சியின் பேச்சில் 'நான் சாப்பிட்டு முடிக்கப் போகும்போது' என்பதுதான் கடிகாரம்.

எனவே இந்த ஆய்வில் ஒவ்வொரு வாக்குமூலத்திலிருந்தும் மூன்று வகைச் செய்திகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். முதலாவது வரிசை: 'நான் போனபோது இரண்டு கான்ஸ்டபிள்கள் அங்கே இருந்தார்கள்'. இரண்டாவது இடைவெளி: 'பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து டாக்டர் வந்தார்'. மூன்றாவது மணி: '12:45 இருக்கும்'. மூன்றாவது வகைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும். அந்த மணி அவருக்கு எப்படித் தெரியும்? கடிகாரத்தைப் பார்த்தாரா, மதுக்கடை மூடியதிலிருந்து கணக்குப் போட்டாரா, வெறும் ஊகமா? இந்தக் கட்டம் இல்லாத எந்தக் காலக்கோட்டையும் நான் நம்புவதில்லை.

பிரித்த பிறகு கணக்கு எளிது. ஒவ்வொரு நிகழ்வும் ஒரு புள்ளி. 'ஆ நடந்தது அ நடந்து 10 முதல் 12 நிமிடத்துக்குள்' என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு கோடு. 1991இல் டெக்டர், மெய்ரி, பேர்ல் ஆகிய மூவரும் விவரித்த எளிய காலக் கட்டுப்பாட்டுச் சிக்கல் இதுதான். எல்லாக் கோடுகளையும் ஒன்றாக வைத்துப் புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைகளைக் கணக்கிட்டால், எந்தெந்த வாக்கியங்கள் சேர்ந்து நிற்க முடியாது என்று எண்ணாகவே தெரிந்துவிடும். முரண்பாடு எத்தனை நிமிடம் என்றும் தெரியும்.

நிலையான ஒரு புள்ளி

பெர்னர் தெரு உரைகளில் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் தன் கடிகாரத்தைப் பார்த்ததாகச் சொன்னவர் டாக்டர் பிளாக்வெல். மணி 1:16. அவருடைய உதவியாளர் ஜான்ஸ்டன், டாக்டருக்கு மூன்று நான்கு நிமிடம் முன்னால் வந்தவர், டாக்டர் கடிகாரத்தைப் பார்த்ததையும் அதில் 1:16 இருந்ததையும் தானும் சொன்னார். மணியைப் பற்றிய ஒரு கூற்றுக்கு இரண்டாவது ஆள் சாட்சி சொல்வது இந்த வழக்கில் இங்கேதான்.

கடிகாரம் பார்த்ததாகச் சொன்ன இன்னொருவர் லூயிஸ் டீம்ஷுட்ஸ். முற்றத்தை ஒட்டிய தொழிலாளர் சங்கத்தின் மேலாளர். மலிவு நகை விற்றுவிட்டுக் குதிரை வண்டியில் திரும்பியவர். தெருமுனைக் கடையின் கடிகாரத்தில் சரியாக ஒரு மணி என்றார். வாயிலுக்குள் நுழைந்ததும் குதிரை இடப்பக்கமாக மிரண்டு ஒதுங்கியது. வலப்பக்கம் ஏதோ கிடப்பதைக் கண்டு சவுக்கின் பிடியால் தொட்டுப் பார்த்தார். இறங்கித் தீக்குச்சி கிழித்தார். காற்றில் அது நிற்கவில்லை. அந்த ஒரு கணத்தில் அது ஒரு பெண்ணின் உடை என்று தெரிந்தது.

பிரிட்டன் முழுவதற்கும் கிரீன்விச் நேரமே சட்டப்படியான நேரம் என்று 1880இலேயே ஆகிவிட்டது. ஆனால் சட்டம் வந்ததால் கடைக்காரரின் கடிகாரமும் டாக்டரின் கடிகாரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே கணக்கில் ஒவ்வொரு கடிகாரமும் தனக்கென ஒரு பிழை அளவைச் சுமக்கிறது. நான் பிளாக்வெல்லின் கடிகாரத்தை அடிப்படையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன்படி அளக்கிறேன். கீழே வரும் மணிகள் எல்லாம் அந்தக் கடிகாரத்தின் மணிகள்.

ஸ்பூனரின் 24 நிமிடம்

முரண்பாட்டை அருகே போய்ப் பார்க்க எட்வர்ட் ஸ்பூனரின் வாக்குமூலமே நல்ல இடம். குதிரை லாயத்தில் வேலை செய்பவர். அந்த இரவில் ஒரு இளம்பெண்ணுடன் பக்கத்துத் தெருமுனையில், ஒரு மதுக்கடையின் வெளியே நின்றிருந்தார். இரண்டு பேர் 'கொலை, போலீஸ்' என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். குரோவ் தெரு வரை ஓடிப்போய்த் திரும்பியவர்களை நிறுத்தி விசாரித்துவிட்டு முற்றத்துக்கு ஓடினார். தான் முற்றத்துக்கு வந்தபோது மணி 12:35 என்று நம்புவதாகச் சொன்னார். உடலருகே நான்கைந்து நிமிடம் நின்றதாகவும், அதன் பிறகே கான்ஸ்டபிள் லாம்ப் வந்ததாகவும் சொன்னார்.

லாம்ப் என்ன சொன்னார்? தான் வந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து டாக்டர் பிளாக்வெல் வந்தார், ஆனால் தன்னிடம் கடிகாரம் இல்லை என்றார்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். ஸ்பூனரிலிருந்து லாம்ப் வரை அதிகபட்சம் 5 நிமிடம். லாம்பிலிருந்து டாக்டர் வரை அதிகபட்சம் 12. ஆக ஸ்பூனருக்கும் டாக்டருக்கும் நடுவே 17 நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் 12:35க்கும் 1:16க்கும் நடுவே 41 நிமிடம். 24 நிமிடம் எங்கேயோ தொங்குகிறது.

எதைக் கைவிடுவது? இங்கேதான் அந்த நான்காவது கட்டம் உதவுகிறது. ஸ்பூனருக்கு நேரம் தெரிந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார்: மதுக்கடைகள் மூடும் நேரத்தை வைத்துத்தான். நள்ளிரவு 12 மணிக்குக் கடை மூடியது, மெதுவாக நடந்து வந்தோம், ஏறக்குறைய 25 நிமிடம் நின்றோம். 12:35 என்பது அவர் பார்த்த மணி இல்லை. இரண்டு நீண்ட, அடையாளமில்லாத இடைவெளிகளைக் கூட்டி வந்த விடை. மனதுக்குப் பிடித்தவருடன் தெருமுனையில் பேசிக்கொண்டு நின்ற நேரத்தை 25 நிமிடம் என்று ஒருவர் சொன்னால் அது ஐம்பதாக இருந்திருந்தாலும் யாரும் வியப்படைய வேண்டியதில்லை. ஆகவே ஸ்பூனரின் மணி விழுகிறது. அவர் சொன்ன வரிசையும், உடலருகே நின்ற அந்தச் சிறிய இடைவெளியும் நிற்கின்றன. ஒரு சாட்சியை 'நம்பகமானவர்', 'நம்பகமற்றவர்' என்று மொத்தமாகத் தரம் பிரிப்பது எவ்வளவு வீண் என்பதற்கு இது போதும். தரம் பார்க்க வேண்டியது வாக்கியத்துக்கு.

1:16இலிருந்து பின்னோக்கி

டாக்டர் 1:16. லாம்ப் அதற்கு 10 முதல் 12 நிமிடம் முன், அதாவது 1:04 முதல் 1:06. ஸ்பூனர் அதற்கும் 4, 5 நிமிடம் முன்: 12:59 முதல் 1:02. டீம்ஷுட்ஸ் உடலைக் கண்டு, சங்கத்துக்குள் ஓடி மனைவியைத் தேடி, மெழுகுவத்தியோடு வெளியே வந்து, ரத்தத்தைக் கண்டு, தெருவில் ஓடிப்போய், ஸ்பூனரோடு திரும்பி வருவதற்கு 3, 4 நிமிடமாவது வேண்டும். இந்த ஒரு எண் மட்டும் என் மதிப்பீடு, எந்தச் சாட்சியும் சொன்னதில்லை. அதைக் கழித்தால் உடல் கண்டுபிடிக்கப்பட்டது 12:55 முதல் 12:59க்குள்.

மோரிஸ் ஈகிள் என்ற சங்க உறுப்பினரின் கூற்று இதனோடு இணைகிறது. தன் காதலியை வீட்டில் விட்டுவிட்டு 12:35 வாக்கில் திரும்பியதாகவும், உள்ளே வந்து 20 நிமிடம் ஆனபோது 'முற்றத்தில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள்' என்று ஒருவர் மாடிக்கு ஓடி வந்து சொன்னதாகவும் அவர் சொன்னார். கூட்டினால் 12:55.

இனி கான்ஸ்டபிள் வில்லியம் ஸ்மித். இவருடைய வாக்குமூலத்தைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். ரோந்தில் பெர்னர் தெருவைக் கடந்தது 12:30 அல்லது 12:35 என்றார். அப்போது ஒரு ஆணும், உடையில் பூ குத்திய ஒரு பெண்ணும் நிற்பதைக் கண்டார். அந்தப் பெண்தான் இறந்தவர் என்று உறுதியாகச் சொன்னார். தன் சுற்று முடிய 25 முதல் 30 நிமிடம் ஆகும் என்றார். மீண்டும் வந்தபோது மணி ஒன்று, வாயிலில் கூட்டம், உள்ளே லாம்பும் இன்னொரு கான்ஸ்டபிளும் இருந்தார்கள். தான் ஆம்புலன்ஸ் எடுக்கக் கிளம்பும்போது டாக்டரின் உதவியாளர் வந்தார்.

ஸ்மித்தின் 'ஒரு மணி' நிற்காது. லாம்ப் 1:04க்கு முன் வந்திருக்க முடியாது, ஸ்மித்தோ லாம்புக்குப் பிறகு வந்தவர். ஆனால் அவர் சொன்ன சுற்றின் நீளத்தை வையுங்கள். 12:30 முதல் 12:35க்குள் கடந்தவர், 25 முதல் 30 நிமிடம் கழித்துத் திரும்பினால் 12:55 முதல் 1:05க்குள் வர வேண்டும். 1:04க்கு முன் வர முடியாது என்பதையும் சேர்த்தால், மிஞ்சுவது 1:04 முதல் 1:05. முதல் முறை கடந்தது 12:34 அல்லது 12:35. அதோடு நிற்கவில்லை. லாம்ப் ஸ்மித்துக்கு முன் வந்திருக்க வேண்டும் என்பதால் லாம்பின் வருகையும் 1:05க்குள் அடங்குகிறது. அது ஸ்பூனரை 12:59 முதல் 1:01க்குள்ளும், உடல் கண்டுபிடிக்கப்பட்டதை 12:55 முதல் 12:58க்குள்ளும் இறுக்குகிறது. உடலைக் கண்டுபிடித்தபோது அங்கே இல்லாத ஒரு கான்ஸ்டபிளின் நடை நீளம், அது கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தைக் குறுக்குகிறது. மனிதர் படித்துப் பார்த்து இதைத் தவறவிடுவது எளிது. கணக்கு தவறவிடாது.

இந்த இறுக்கத்தை நிமிடக் கணக்கில் நம்பலாமா? அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். அதிர்ச்சியான குறுகிய நேரத்தை மக்கள் நீட்டியே மதிப்பிடுகிறார்கள். 1987இல் லாஃப்டஸும் உடனுழைப்பாளர்களும் 30 வினாடி ஓடும் ஒரு வங்கிக் கொள்ளைப் படத்தைக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதைப் பல மடங்கு நீளமாகச் சொன்னார்கள். இருட்டில் பிணத்தருகே நின்ற ஸ்பூனரின் 'நான்கைந்து நிமிடம்' உண்மையில் இரண்டு மூன்றாக இருக்கலாம். அப்படி வைத்தால் உடல் கண்டுபிடிக்கப்பட்டது 12:57 முதல் 1:00க்குள் என்று நகர்கிறது. டீம்ஷுட்ஸின் 'சரியாக ஒரு மணி' அந்த விளிம்பைத் தொட்டுவிடுகிறது. கடைக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடியிருந்தாலும் அதே விளைவு. அவரை மறுக்கக் காரணம் எதுவும் இந்த உரைகளில் இல்லை.

ஒரே பெண்மணி, இரண்டு கதைகள்

முற்றத்திலிருந்து இரண்டு வாசல் தள்ளி, 36ஆம் எண் வீட்டில் இருந்தவர் ஃபேனி மார்ட்டிமர். விசாரணைக்கு அவரை அழைக்கவே இல்லை. ஆனால் நிருபர்களிடம் பேசினார், அச்சில் இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் 12:30 முதல் 1:00 வரை ஏறக்குறைய முழு நேரமும் வாசலில் நின்றதாக வருகிறது. மற்றொன்றில், 12:45க்குச் சற்று முன் ஒரு போலீஸ்காரரின் கனத்த நடைச் சத்தம் கேட்டது, உடனே வாசலுக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றார், உள்ளே வந்து ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் குதிரை வண்டி போகும் சத்தம் கேட்டது என்று வருகிறது.

பெரிய மொழி மாதிரி (உரையைப் படித்து எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்) ஒன்றிடம் இந்த இரண்டையும் கொடுத்துச் சுருக்கச் சொன்னால், 'நள்ளிரவு 12:30க்கும் 1 மணிக்கும் இடையே அவர் அவ்வப்போது வாசலில் நின்றார்' என்று வழுவழுப்பான ஒரு வாக்கியம் வரும். அந்த 'அவ்வப்போது' எந்த உரையிலும் இல்லை. வழக்கின் மிக முக்கியமான முரண்பாட்டை அது அழித்துவிடும். இப்படிப்பட்ட வேலைக்கு மாதிரியைப் பயன்படுத்துவதென்றால் சுருக்கமே கேட்கக் கூடாது. ஒவ்வொரு கூற்றுக்கும் மூல உரையின் சரியான சொற்றொடரை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும், காட்ட முடியாத கூற்றைத் தள்ள வேண்டும்.

இரண்டாவது வடிவத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். வண்டி வந்தது 12:55 முதல் 12:58. நான்கைக் கழித்தால் அவர் உள்ளே போனது 12:51 முதல் 12:54. பத்தைக் கழித்தால் வெளியே வந்தது 12:41 முதல் 12:44. '12:45க்குச் சற்று முன்' என்று அவரே சொன்னது அதே இடத்தில் வந்து உட்காருகிறது. மற்றப் பலருடைய மணிகள் தடுமாறும் இடத்தில், யாரும் குறுக்கு விசாரணை செய்யாத ஒரு பெண்மணியின் பேச்சு டாக்டரின் கடிகாரத்தோடு தானாகவே பொருந்துகிறது. அவர் கேட்ட நடைச் சத்தம் ஸ்மித்துடையதாக இருக்க முடியாது என்பதும் இதிலிருந்து வருகிறது, ஏனென்றால் ஸ்மித் 12:35க்கே கடந்துவிட்டார். 'போலீஸ்காரரின்' என்பது காதால் கேட்டு ஊகித்த சொல்தான்.

முதல் வடிவத்தை நான் கைவிடுகிறேன். 'ஏறக்குறைய முழு நேரமும்' என்பது இரண்டு முனைகளும் இல்லாத கூற்று. இரண்டாவது வடிவம் இரண்டு ஓசைகளுக்கு நடுவே கட்டப்பட்டிருக்கிறது.

எந்தப் பெண், எந்த 'இல்லை'

வரிசைக்கு நிகராகச் சிக்கலானது, உரைகளில் வரும் 'ஒரு பெண்' எல்லாம் ஒரே பெண்தானா என்பது. கப்பல்துறைத் தொழிலாளி ஜேம்ஸ் பிரவுன், 12:45 வாக்கில் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது, பள்ளிக்கூடச் சுவரருகே ஒரு ஆணும் பெண்ணும் நிற்பதைக் கண்டார். 'இன்றிரவு வேண்டாம், வேறொரு இரவு' என்று அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்தது. அது இறந்தவர்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொன்னார். கடையில் கடிகாரம் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் வீட்டுக்குள் வந்து ஏறக்குறைய கால் மணி நேரத்தில், சாப்பாட்டை முடிக்கப் போகும்போது, 'போலீஸ், கொலை' என்ற கூச்சல் கேட்டது. ஸ்பூனர் கேட்டதும் அதே கூச்சல்தான். கணக்குப்படி அது 12:57 முதல் 1:00. கால் மணியைக் கழித்தால் அவர் வீட்டுக்கு வந்தது 12:42 முதல் 12:45. அவருடைய மணி நிற்கிறது.

நேரம் சரியென்பதால் ஆளும் சரி என்று ஆகிவிடாது. ஸ்டிரைட்டின் மேலுடையில் சிவப்பு ரோஜாவும் பெரணி இலையும் குத்தியிருந்தன. ஸ்மித் பூவைக் கண்டார். பிரவுன் எந்தப் பூவையும் கவனிக்கவில்லை. அதோடு, ஒரு இளைஞனும் அவன் காதலியும் தெருமுனையில் நின்றிருந்ததாகவும், கொலை நடந்திருக்க வேண்டிய நேரத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் அங்கே இருந்ததாகவும் மார்ட்டிமரின் பேச்சில் வருகிறது. பிரவுன் பார்த்தது இவர்களாக இருக்கலாம். தரவில் 'பிரவுனின் பெண்', 'ஸ்மித்தின் பெண்' என்று தனித்தனிப் பெயரில் வைத்திருந்து, இணைப்பதை ஒரு தனி முடிவாகச் செய்வதே சரி. தொடக்கத்திலேயே இரண்டையும் 'ஸ்டிரைட்' என்று பதிந்துவிட்டால், பிறகு எந்தக் கணக்காலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

எதையும் பார்க்கவில்லை என்ற கூற்றுகளிலும் இதே கண்டிப்பு தேவை. ஈகிள் திரும்பி வந்தபோது முற்றத்தில் உடல் இல்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் சொன்னது, இருட்டாக இருந்தது, எதுவும் கிடந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது. இந்த இரண்டு வாக்கியங்களும் காலக்கோட்டில் வெவ்வேறு கோடுகள். முதலாவது கொலைக்கு ஒரு கீழெல்லை தருகிறது. இரண்டாவது எதுவும் தருவதில்லை. நான் இரண்டாவதையே வைத்தேன். கீழெல்லையாக, ஸ்டிரைட்டை உயிரோடு பார்த்த ஸ்மித்தின் 12:34 போதும்.

பிளாக்வெல்லின் மருத்துவ மதிப்பீட்டையும் சேர்க்க வேண்டும். தான் வருவதற்கு 20 முதல் 30 நிமிடம் முன் மரணம் நேர்ந்திருக்கலாம் என்றார். அதாவது 12:46 முதல் 12:56. கழுத்தின் ஒரு பக்க ரத்தக்குழாய்களே அறுபட்டதால் ரத்தம் வெளியேறி இறக்க ஓரளவு நேரம் பிடித்திருக்கும் என்றும் சொன்னார். உடலின் சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டை நான் ஒரு கடினமான எல்லையாக வைக்கவில்லை. மற்றவற்றோடு மோதாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மோதவில்லை.

ஷ்வார்ட்ஸை எங்கே வைப்பது

மிஞ்சுவது இஸ்ரேல் ஷ்வார்ட்ஸ். தாக்குதலையே நேரில் பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆள். ஹங்கேரியர், ஆங்கிலம் தெரியாதவர், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசியவர். தலைமை இன்ஸ்பெக்டர் ஸ்வான்சனின் அக்டோபர் 19 தேதியிட்ட அறிக்கையில் அவர் கூற்று இருக்கிறது: 12:45க்குப் பெர்னர் தெருவில் வந்தார், வாயிலருகே ஒருவன் ஒரு பெண்ணை இழுத்து நடைபாதையில் தள்ளினான், அவள் மூன்று முறை கத்தினாள், ஆனால் உரக்க இல்லை, எதிர்ப்புறம் ஒருவன் புகைக்குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அக்டோபர் 1ஆம் தேதி 'ஸ்டார்' இதழில் வந்த வடிவத்தில் அந்த இரண்டாவது மனிதனின் கையில் இருப்பது கத்தி. புகைக்குழாய் ஒரு உரையில், கத்தி இன்னொரு உரையில். மொழிபெயர்ப்பு, நிருபர், போலீஸ் எழுத்தர் என்று நடுவே எத்தனை கைகள்! இவரையும் விசாரணையில் சாட்சியாக நிறுத்தவில்லை. 12:45 என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எந்த உரையிலும் இல்லை.

இந்தச் சம்பவம் மார்ட்டிமர் வாசலில் நின்ற பத்து நிமிடத்துக்குள் நடந்திருக்க முடியாது. இரண்டு வாசல் தள்ளி நின்றவர் அதைப் பார்த்திருப்பார், கேட்டிருப்பார். ஆக இரண்டே இடங்கள்தான். ஒன்று, அவர் வெளியே வருவதற்குச் சற்று முன்: 12:41 முதல் 12:44க்கு முன்னால். அல்லது அவர் உள்ளே போன பிறகு, வண்டி வருவதற்கு முந்தைய நான்கு நிமிட இடைவெளியில்.

முதல் இடத்தில் வைத்தால் ஷ்வார்ட்ஸின் மணியைச் சில நிமிடம் மட்டுமே நகர்த்த வேண்டும். அதற்கு விலையாகப் பிரவுனின் 'ஏறக்குறைய உறுதி' போகிறது, ஏனென்றால் அந்த வேளையில் பள்ளிச் சுவரருகே அமைதியாக மறுத்துக்கொண்டிருந்த பெண் ஸ்டிரைட்டாக இருப்பது கடினம். இரண்டாவது இடத்தில் வைத்தால் பிரவுன் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் ஷ்வார்ட்ஸின் மணியை ஆறு நிமிடத்துக்குக் குறையாமல், பதின்மூன்று வரைகூட, தள்ள வேண்டும். தள்ளினாலும் தாக்குதல், கொலை, கொலையாளி மறைவது எல்லாம் குதிரையின் குளம்போசைக்கு முன் அந்த நான்கு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும்.

நான் முதல் இடத்தையே தேர்கிறேன். பிரவுனின் அடையாளத்துக்கு எதிராக அவர் காணாத பூவும், தெருமுனையில் நின்ற அந்த இளம் ஜோடியும் தனித்தனியாக இருக்கின்றன. ஷ்வார்ட்ஸின் மணியை அவ்வளவு தூரம் தள்ளுவதற்கு, பிரவுனைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு காரணம் எந்த உரையிலும் கிடைக்கவில்லை. அந்த இளைஞனையும் காதலியையும் யாராவது சாட்சியாக நிறுத்தி, எங்கே, எத்தனை நேரம் நின்றீர்கள், பக்கத்துக் கடையிலிருந்து சாப்பாட்டோடு போன ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தால், இரண்டு இடங்களில் ஒன்று அன்றே அடைபட்டிருக்கும்.